உள்பக்கக் கைப்பிடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வேலையில் சேர்ந்த முதல் வாரமே மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. சிடுமூஞ்சி நர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். எனக்கு முன்னால் இங்கே இருந்த நர்ஸ் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவாராம். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். ஏன் போனார் என்று கேட்டால் ஆளாளுக்கு வேறு எங்கேயோ பார்ப்பார்கள்.

எங்கள் சுகாதார நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், எப்போதும் சொட்டுகிற ஒரு குழாய். பெரிய ஆஸ்பத்திரி இன்னும் கீழே, டவுனில். பெண்கள் இருப்பதோ மேலே, மலை மடிப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிற ஊர்களில். மேலே இருப்பவர்களைக் கீழே கொண்டுவரத்தான் தாய்மார் வண்டி என்று ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ரோஸ் நிறப் பெயின்ட், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை, உள்ளே ஒரு படுக்கை, ஒரு மின்விசிறி. பின்கதவின் உட்புறம் முழுக்க, பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிற குழந்தையின் படம். ஒரு போன் செய்தால் வீட்டு வாசலுக்கு வரும். எல்லாம் இலவசம்.

ஆனால் யாரும் போன் செய்யவில்லை.

வண்டி வெயிலில் நின்றது, மழையில் நின்றது. பெண்கள் பாயிலேயே பெற்றுக்கொண்டார்கள். சிலர் நல்லபடியாகப் பெற்றார்கள். சில வீடுகளுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆட்கள் கூடி நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கைப்பையைத் திறக்காமலே திரும்பி வந்தேன். அந்த இறக்கத்தில் வரும்போதெல்லாம் எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும். ஊர் ஊராக ஏறிப் போய்க் கத்தினேன். "வரோம் நர்சம்மா, கட்டாயம் வரோம்" என்று எல்லாப் பெண்களும் தலையாட்டினார்கள். எனக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். வலி வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அப்படி ஏறிப் போனபோதுதான் சின்னவளைப் பார்த்தேன்.

மேல் ஊரின் கடைசி வீடு அவளுடையது. இரண்டு பெண்களில் இளையவள் என்பதால் ஊருக்கே அவள் சின்னவள். புருஷன் மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்கிறான், வாரக் கடைசியில்தான் வருவான். வீட்டில் அவளும் அவள் அம்மாவும். தலைப்பிள்ளை, மாதம் நெருங்கிவிட்டது. கணுக்காலை விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. ரத்த அழுத்தம் பார்த்தேன். கருவி கெட்டுவிட்டதோ என்று என் கையிலேயே கட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் அவளுக்குப் பார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது.

"இதோ பாரு, உனக்கு வீட்டுல பிரசவம்கிற பேச்சே கூடாது. வலிப்பு வந்துடும். வந்தா நீயும் இருக்க மாட்ட, பிள்ளையும் இருக்காது. வெளிய வண்டி நிக்குது, இப்பவே ஏறு, ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கோ."

"நடந்து வரேன்" என்றாள்.

"இந்தக் காலை வச்சுக்கிட்டா? கிறுக்கா உனக்கு?"

"அப்ப இங்கயே இருந்துக்கறேன். அந்த வண்டி வேணாம் நர்சம்மா. அதுல எங்க அக்கா இருக்கா."

அவள் அம்மா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது.

பெரியவள் வண்டியில் இறந்துபோனாள் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். இந்தப் பேய்க்கதைக்குப் பயந்துதானா மலையே கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க அக்கா செத்துட்டா" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். என் வாய் அப்படி.

சின்னவள் கோபப்படவில்லை. "செத்ததை நான்தானே பக்கத்துல இருந்து பார்த்தேன். ஆனா அவ இன்னும் வெளிய வரலையே."

"உளறாதே."

"வண்டிக்குள்ள தட்டுற சத்தம் கேக்கும். டிரைவரண்ணனைக் கேளுங்க. அவ தட்டுறான்னு ஊர்ல சொல்றாங்க. அது தப்பு. அவளால கையைத் தூக்கவே முடியல. தட்டினது நான்."

பிறகு அவளே சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அன்றைக்கு நல்ல மழை. அக்காவும் அவளும் வண்டிக்குள். கீழே வரும் வழியில் கொண்டை ஊசி வளைவில் பாறை சரிந்து பாதையை அடைத்திருந்தது. டிரைவர் ஆள் கூட்டிவர முன்னால் ஓடினார். போனுக்கு சிக்னல் கிடைக்கவில்லை என்று அந்தச் சிரித்த முக நர்ஸ் மேட்டில் ஏறினார். போகும்போது சாரல் உள்ளே அடிக்குமே, பிள்ளைத்தாய்ச்சி நனைவாளே என்று கதவை நன்றாகச் சாத்திவிட்டுப் போனார். அவர்கள் போன பிறகுதான் அக்காவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது.

"கதவைத் திறக்கலாம்னு தேடினேன் நர்சம்மா. கைப்பிடியே இல்ல. அந்தக் குழந்தைப் படத்து மேல எல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். வளைவுக்குக் கீழதான் மாட்டுக் கொட்டகை இருக்கு, ஆளுங்க இருப்பாங்க. நான் தட்டினேன், கத்தினேன். மழையில ஒருத்தருக்கும் கேக்கல. அவங்க வந்து திறந்தப்ப அக்கா இல்ல."

"வெளிய வந்திருந்தா மட்டும்..." என்று தொடங்கிய நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கும் தெரியல. ஓடியாவது இருப்பேன்ல? என்னை மட்டும் கையைப் பிடிச்சு இறக்கிவிட்டாங்க. நான் தட்டினது இன்னும் உள்ளயே இருக்கு."

அவளை ஏற்ற முடியாமல் அன்று கீழே திரும்பும் வழியெல்லாம் நான் டிரைவரிடம் பேசவில்லை. நிலையத்து முற்றத்தில் வண்டி நின்றதும் பின்கதவைத் திறந்து ஏறினேன். நல்ல வெயில், காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன.

"அண்ணே, கதவைச் சாத்துங்க."

"வேணாம் நர்சம்மா."

"சாத்துங்கன்னு சொல்றேன்ல."

சாத்தினார். உள்ளே ரோஸ் நிற இருட்டு. கைப்பிடி இல்லை என்று தெரிந்தும் என் கை தானாகவே அதைத் தேடியது. வழவழவென்று தகடு, தகட்டின் மேல் அந்தச் சிரிப்பு. ஓரத்தில் படம் கொஞ்சம் கிழிந்திருந்தது, நகத்தால் பிறாண்டிய மாதிரி. படுக்கையில் உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் கண்ணாடியும் திறக்கிற வகை இல்லை, டிரைவர் பக்கம் தகட்டுச் சுவர். மருந்து வாசனையும் சூடான ரப்பர் வாசனையும் நெஞ்சை அடைத்தன.

அப்போது தட்டியது.

கதவின் உட்புறத்தில்தான். நிற்கிறவர் தட்டுகிற உயரத்தில் இல்லை, முழங்காலிட்டு ஒருவர் தட்டுகிற உயரத்தில். முஷ்டியால் இல்லை, உள்ளங்கையால். தட்டி, நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் தட்டுகிற மாதிரி. என் இரண்டு கைகளும் என் மடியில் இருந்தன. அவற்றைக் குனிந்து பார்த்தேன், நன்றாக நினைவிருக்கிறது.

எழுந்து நானும் தட்டினேன். கதவைத் திறங்க அண்ணே என்று கத்தினேன். மேலே என் கை, கீழே அந்தக் கை. இரண்டும் சேர்ந்து தட்டின. கதவு திறக்கவில்லை. பிரசவம் பார்க்கிற எனக்கு மூச்சு விடச் சொல்லித் தர ஆள் தேவைப்பட்டது.

ஒருவழியாக வெளிச்சம் வந்தது. டிரைவர் கையில் கழுவிய டம்ளரோடு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"நான் தட்டினது கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா திறக்கல?"

அவர் டம்ளரையே பார்த்தார். "முதல்ல எல்லாம் கேக்கறப்ப நிறுத்தி நிறுத்தித் திறந்து பார்த்தேன் நர்சம்மா. யாரும் இருக்க மாட்டாங்க. அப்புறம் காது பழகிடுச்சு. எப்பவும் கேக்கறதுதானேன்னு குழாயடிக்குப் போயிட்டேன். உள்ள நீங்க இருக்கீங்கன்னு அப்புறம்தான் உறைச்சுது."

பேயைவிட எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. நாளைக்கு ஒருத்தி உள்ளே நிஜமாகவே தட்டினாலும் இந்த மனிதர் வண்டியை ஓட்டிக்கொண்டேதான் இருப்பார்.

இந்த வண்டி முதலில் மருந்துப் பெட்டிகள் ஏற்றுகிற வண்டியாக இருந்ததாம். பெட்டிகள் உள்ளேயிருந்து கதவைத் திறப்பதில்லை, அதனால் யாரும் கைப்பிடி வைக்கவில்லை. பிறகு பெயின்ட் அடிக்க ஒருவர் வந்தார், திரை தைக்க ஒருவர் வந்தார், படம் ஒட்ட ஒருவர் வந்தார். ஒருவரும் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்க்கவில்லை.

அதிகாரிக்குப் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய பொறுமையே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"வண்டியெல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்மா. ஒண்ணை மட்டும் மாத்தினா கேள்வி வரும்."

"அப்ப எல்லாத்தையும் மாத்துங்க சார்."

"அதுக்கு மேலிடத்துல பேசணும்."

"பேசுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இணைப்பு அறுந்தது. வெல்டிங் பட்டறைக்காரரிடம் ஒரு கைப்பிடி செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். பொறுப்பு என்னுடையது என்றேன். அவர் வந்து அளவெடுத்துக்கொண்டு போனார். கைப்பிடி வருவதற்குள் சின்னவளின் அம்மாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"தலை வெடிக்குதுங்கறா நர்சம்மா. என் முகமே அவளுக்குச் சரியாத் தெரியலையாம். வாந்தி எடுக்கறா. ஆனா வண்டி மட்டும் வேணாமாம். ஏற்கெனவே ஒருத்தியைக் கொடுத்துட்டேன், நான் என்ன செய்வேன், சொல்லுங்க."

கண் மங்கினால் அடுத்தது வலிப்புதான். போனை வைத்துவிட்டு முற்றத்துக்கு ஓடினேன். டிரைவர் ஏற்கெனவே சாவியோடு நின்றார்.

"அண்ணே, கழட்டுங்க."

"எதை?"

"கதவை."

"சர்க்கார் வண்டிம்மா..."

"யாராவது கேட்டா அந்தச் சிடுமூஞ்சிதான் கழட்டினான்னு சொல்லுங்க. நிக்காதீங்க."

திருகுகள் துருப்பிடித்திருந்தன. அவர் சுத்தியலால் அடித்தார், நான் தாங்கிப் பிடித்தேன். கதவு கழன்று வந்தபோது பிணத்தைப் போலக் கனத்தது. தாழ்வாரத்துச் சுவரில் அதைச் சாய்த்தோம், சிரிக்கிற குழந்தை வெளியே தெரியும்படி. பின்பக்கம் திறந்த வாயோடு வண்டி மலையேறியது.

சின்னவள் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பார்த்ததும் வாசல் நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் வண்டியைத் திருப்பினார். பின்பக்கம் அவளுக்கு நேராக வந்தது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள்.

"கதவு எங்க?"

"வீட்டுல விட்டுட்டு வந்திருக்கோம். ஏறுறியா, இல்ல பேசிக்கிட்டே இருக்கப் போறியா?"

அவள் நிலையை விட்டாள். அந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வலிப்பைத் தடுக்கிற ஊசியைப் போட்டேன். படுக்கையில் கிடத்தி வார்களைக் கட்டினேன். அவள் அம்மா முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். கதவு இருந்த இடத்தில் நான் காலை அகட்டி உட்கார்ந்து கொண்டேன். பாதை எங்களிடமிருந்து பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. புழுதி முழுக்க என் வாயில்.

கொண்டை வளைவு வந்தது. அன்றைக்குச் சரிந்த பாறைகள் இன்னும் ஓரத்தில் கிடந்தன, மேலே பாசி பிடித்து. கீழே மாட்டுக் கொட்டகையின் கூரை தெரிந்தது. எவ்வளவு பக்கம். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

தட்டியது.

தட்டுவதற்கு அங்கே கதவே இல்லை. எனக்கு முன்னால் வெறும் காற்றும் மலையும்தான். ஆனாலும் தகட்டில் உள்ளங்கை விழுகிற அதே சத்தம், அதே உயரத்தில், என் முகத்துக்கு நேராக. சின்னவள் என் கையை இறுக்கினாள். அவளுக்கும் கேட்டது.

வண்டி நின்றது. டிரைவர் இறங்கிச் சுற்றி வரும் காலடி கேட்டது. திறந்த பின்பக்கத்துக்கு வந்து நின்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"என்னம்மா வேணும்?" என்றார்.

"நான்தாண்ணே" என்றாள் சின்னவள், படுத்தபடியே. "அன்னிக்குத் தட்டினேன். இப்பத்தான் வந்திருக்கீங்க."

அந்த மனிதர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மலைப் பாதையில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். நான் யாரையும் திட்டவில்லை. முன்பக்கத்தில் அவள் அம்மாவும் அழுவது கேட்டது.

"போங்கண்ணே" என்றாள் சின்னவள். "எனக்கு நேரமில்ல."

அவர் ஓடிப்போய் வண்டியை எடுத்தார். அப்படி ஒரு ஓட்டத்தை அந்த வண்டி கண்டதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுபடுக்கையில் ஏற்றும்போது அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. இன்னும் இரண்டு வளைவு மேலே இருந்திருந்தால் என் கையிலேயே போயிருப்பாள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. எலிக்குஞ்சு மாதிரி இருந்தாலும் அழுத அழுகை அந்தத் தளம் முழுக்கக் கேட்டது. தாய் கண் விழிக்க நேரமானது. விழித்ததும் குழந்தையைக் கேட்கவில்லை, டிரைவரண்ணன் சாப்பிட்டாரா என்று கேட்டாள்.

பட்டறைக்காரர் கதவில் கைப்பிடியைப் பொருத்தி, அதை வண்டியில் திரும்ப மாட்டினார். கனமான இரும்புக் கைப்பிடி, குழந்தைப் படத்தின் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. நல்ல வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொன்னேன், இருட்டிலும் தெரியட்டும் என்று. கதவு காணாமல்போன சேதி எப்படியோ எட்டி அதிகாரி பார்க்க வந்தார். கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினார்.

"இது முதல்லயே இருந்ததுதானேம்மா?" என்றார், ஆமாம் என்று நான் சொன்னால் எல்லோருக்கும் நல்லது என்கிற முகத்தோடு.

"இல்ல சார். இல்லாததுனாலதான் ஒருத்தி செத்தா."

அவர் காரில் ஏறிக்கொண்டார். காருக்குள் உட்கார்ந்ததும் தன் பக்கத்துக் கதவின் உட்புறத்தைத் தொட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன்.

சின்னவளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் அதே வண்டிதான். ஏறியதும் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னாள். டிரைவர் வெளியிலிருந்து சாத்தினார். அவள் கைப்பிடியை அழுத்தினாள். திறந்தது. சாத்தினாள், மறுபடியும் திறந்தாள். வெளியே நின்ற டிரைவரைப் பார்த்து, "சரி" என்றாள். அவ்வளவுதான். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வழியில் தூறல் தொடங்கியது. கூரையில் பொட்டுப் பொட்டாகச் சத்தம். ஒவ்வொரு வளைவிலும் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எதுவும் தட்டவில்லை. கொண்டை வளைவில் டிரைவர் யாரும் சொல்லாமலே வண்டியை நிறுத்தினார். மேல் ஊரில் இன்னொருத்திக்கு மாதம் நெருங்கிவிட்டது, அவளே போன் செய்து வரச்சொல்லியிருந்தாள், நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன்.

கைப்பிடி கீழே இறங்கியது.

சின்னவளின் இரண்டு கைகளும் குழந்தையைச் சுற்றியிருந்தன. என் கைகள் மருந்துப்பையின் மேல் இருந்தன. வெள்ளைக் கைப்பிடி மெதுவாக, பழக்கமில்லாத ஒருவர் பலம் போதாமல் அழுத்துகிற மாதிரி, பாதி இறங்கி, நின்று, முழுக்க இறங்கியது. கதவு திறந்தது. வெளியே மழையும் பாறையும் கீழே கொட்டகையின் கூரையும்.

சாரல் உள்ளே அடித்தது. குழந்தையின் நெற்றியில் ஒரு துளி விழுந்தது. நர்ஸ் புத்தி, என் கை தானாகக் கதவைச் சாத்தப் போனது.

"சாத்தாதீங்க" என்றாள் சின்னவள்.

"பிள்ளை நனையுதுடி."

"நனையட்டும் நர்சம்மா. அக்காவுக்கு உடம்பு முடியாது. மெதுவாத்தான் இறங்குவா."

டிரைவர் மழையில் இறங்கிக் கதவருகே வந்து நின்றார். யாருக்கோ தாங்கல் கொடுக்கிற மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் சேலைத் தலைப்பால் குழந்தையை மூடினேன். சீக்கிரம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.